பாட்டிலில் தொடங்கிய கணக்கு

1969-ல் கோகோ கோலா நிறுவனத்துக்கு ஒரு குழப்பம். குளிர்பானத்தை அடைக்கக் கண்ணாடி பாட்டிலே போதுமா, டப்பாவுக்கு மாறலாமா, அப்போதுதான் தலைகாட்டிய பிளாஸ்டிக்கை நம்பலாமா? எது மலிவு என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு கணக்குப்பிள்ளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியிருப்பார். பேக்கேஜிங் பிரிவைக் கவனித்துவந்த ஹாரி டீஸ்லி கேட்டதோ விவகாரமான கேள்வி. மணலும் எண்ணெயும் பூமியைவிட்டு வெளியே வருவதில் ஆரம்பித்து, காலி பாட்டில் குப்பைமேட்டில் போய் விழும்வரை ஒவ்வொன்றும் எவ்வளவு எரிபொருளைத் தின்கிறது, எவ்வளவு கழிவைக் கக்குகிறது? அதுவரை யாரும் அப்படிக் கூட்டிப் பார்த்ததில்லை. கான்சாஸ் சிட்டியில் இருந்த மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. கணக்கு முடிந்தது. முழு அறிக்கையோ வெளியே வரவேயில்லை.

அடுத்த வருஷமே, அந்தக் கணக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஓர் ஊரில் வேறொரு பேரேடு திறந்தது. திருவொற்றியூருக்கு வடக்கே, கத்திவாக்கத்துப் பக்கம், 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிற்பாடு அது 450 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. சென்னைக்கு வெளிச்சம் வந்தது. கூடவே சாம்பலும் வந்தது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல்தான். நூறு லாரி நிலக்கரி எரிந்தால் முப்பது, நாற்பது லாரி சாம்பல் மிஞ்சும். மாவைவிட மென்மையான அந்தத் தூளை வாங்க அன்றைக்கு ஆள் இல்லை. தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளிக் குட்டையில் தேக்குவதுதான் அப்போதைய வழக்கம். குட்டைகள் நிரம்பிக்கொண்டே போயின.

இதற்கிடையே பாட்டில் கணக்கு அமெரிக்காவில் வளர்ந்து, கடைசியில் குழந்தையின் இடுப்புத் துணியில் போய்ச் சிக்கியது. 1990-ல் டயப்பர் விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் பணம் கொடுத்து ஒரு ஆய்வு நடத்தியது. தூக்கிப்போடும் டயப்பர் ஒன்றும் மோசமில்லை என்று முடிவு வந்தது. மறு வருஷம் துணி டயப்பரைத் துவைத்துக் கொடுக்கும் தொழில்காரர்களின் சங்கம் தன் பங்குக்கு ஒரு ஆய்வு நடத்தியது. துணியே உத்தமம் என்று முடிவு வந்தது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. துணியை எத்தனை தடவை துவைப்பது, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எங்கே கோடு கிழித்துக் கணக்கை ஆரம்பிப்பது என்று அவரவர் எடுத்துக்கொண்ட அனுமானம்தான் முடிவைப் புரட்டிப் போட்டது. 1991-ல் 11 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் கூட்டாகக் கண்டித்தார்கள்: பொது விதிமுறை வரும்வரை இந்த எண்களைக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது. கணக்கின் ஆயுள் அத்தோடு முடிந்தது போலத்தான் தெரிந்தது.

அந்த அவமானமே அதைக் காப்பாற்றியது. விதிமுறை எழுதியே தீர வேண்டும் என்ற நிலை வந்தது. 1997-ல் ஐ.எஸ்.ஓ. 14040 என்ற சர்வதேச விதிமுறை வெளியானது. எங்கிருந்து எதுவரை கணக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும், இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பகிரங்கமாகப் பேசினால் வெளியாட்கள் குழு சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் பிறந்தன. ஸ்வீடன்காரர்கள் ஒரு படி மேலே போய், ஒரு பொருளின் மொத்த ஜாதகத்தையும் தாளில் எழுதி வெளியிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பகாலத் தாள்களில் ஒன்றை வெளியிட்டது வாட்டன்ஃபால் என்ற மின் நிறுவனம். அது நீர்மின்சாரத்துக்கான தாள். மின்சாரத்துக்கே ஜாதகம் எழுதலாம் என்றால் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் எழுத எவ்வளவு நேரமாகும்?

இந்தப் பக்கம், விசாகப்பட்டினத்தில் என். பானுமதிதாஸ், என். காளிதாஸ் என்ற இருவர் யாருக்கும் வேண்டாத அந்தச் சாம்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் சேர்த்துக் குழைத்து, அச்சில் அழுத்தி, வெளியே எடுத்து வைத்தார்கள். தீ மூட்டவில்லை. சாம்பலில் இருந்த சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு வினைபுரிந்து தானாகவே இறுகின. வேண்டியதெல்லாம் தண்ணீரும் பொறுமையும்தான். ஆனால் நெருப்பில் வேகாத கல்லை நம்பிச் சுவர் எழுப்ப எந்த மேஸ்திரி துணிவார்?

மேஸ்திரியின் கையைச் சட்டம் பிடித்து இழுத்தது. 1999 செப்டம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் மண்ணில் சாம்பல் கலக்காமல் செங்கல் அறுக்கக் கூடாது என்றது. பத்து வருஷத்துக்குச் சாம்பலைக் காசு வாங்காமல் கொடுக்கும்படி மின் நிலையங்களுக்கு உத்தரவும் போட்டது. விலையில்லா அரிசிக்கு முன்பே விலையில்லாச் சாம்பல்! சில வருஷம் கழித்து உலக வங்கியின் ஒரு நிதி, சூளையில் எரியாமல் மிச்சமான நிலக்கரியைக் கணக்குப் போட்டு, விசாகப்பட்டினத்துக் கல்லுக்குக் கரிமக் காசு கொடுக்கவும் முன்வந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் தார்ப்பாய்கூடப் போர்த்தாமல் லாரியில் போவதும், திருவொற்றியூர்ச் சந்துகளில் பூசாமல் விட்ட மாடிச் சுவரில் பல்லிளிப்பதும் அந்தக் கல்தான். கொத்தனார் வாயில் அதற்குப் பெயர் ஃப்ளை ஆஷ் கல்.

அந்தக் கல்லும் ஜாதகம் எழுதும் தாளும் ஒரே மேஜைக்கு வந்தபோதுதான் பழைய டயப்பர் சண்டை திரும்பவும் தலைதூக்கியது. கட்டடப் பொருள்களுக்கென்று 2007-ல் ஐ.எஸ்.ஓ. 21930 வந்தது, 2012-ல் ஐரோப்பாவின் இ.என். 15804 வந்தது. பின்னது ஒரு பொருளின் ஆயுளைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. ஏ1 என்றால் மூலப்பொருள், ஏ2 என்றால் அதை ஏற்றிவரும் வண்டி, ஏ3 என்றால் ஆலை. பி என்றால் வீட்டில் இருக்கும் காலம், சி என்றால் இடித்துக் கொட்டுவது. சிமென்ட் சேர்த்துச் செய்த கல்லை இந்தக் கட்டங்களில் நிரப்பியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. கல்லில் கொஞ்சமே கொஞ்சம் இருந்த சிமென்ட், கார்பன் கணக்கில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் இருந்த சாம்பலுக்கு எதிரே பெரும்பாலும் சுழியம். கழிவுக்கு விலை இல்லை, ஆகவே பாவமும் இல்லை. அதன் கணக்கு ஆரம்பித்ததே மின் நிலையத்தின் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

பிரான்சில் சில ஆய்வாளர்கள் 2010-ல் அந்தச் சுழியத்தைச் சீண்டிப் பார்த்தார்கள். சாம்பல் கழிவல்ல, துணைப்பொருள் என்று ஐரோப்பியச் சட்டம் பார்க்கத் தொடங்கிவிட்டது, அப்படியானால் மின் நிலையத்தின் புகையில் அதற்கும் பங்கு போடலாமே என்று கேட்டார்கள். எடைப்படி பிரித்தபோது சாம்பல் சிமென்ட்டையே தோற்கடிக்கும் அளவுக்கு அழுக்காகிப்போனது. விலைப்படி பிரித்தபோது மறுபடியும் சாதுவாகிவிட்டது. கோட்டை எங்கே கிழிப்பது என்பதற்கு விஞ்ஞானத்தில் விடை இல்லை.

எண்ணூரில் அந்தக் கோடு எப்போதோ கிழிக்கப்பட்டுவிட்டது. 1994 முதல் அத்திப்பட்டில் ஓடிய வட சென்னை அனல் மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் குட்டைக்குப் போன சாம்பல் குழாய்கள் அடிக்கடி உடைந்தன. சாம்பல் குழம்பு கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. முகத்துவாரத்தில் கையால் துழாவி இறால் பிடித்தவர்களுக்கு இறாலைவிடச் சேறே அதிகம் அகப்பட்டது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. 2017 மார்ச்சில் பழைய எண்ணூர் நிலையத்தை மூடிவிட்டார்கள். ஆற்றில் படிந்தது படிந்ததுதான். கல்லின் தாளில் அதற்கு இடமில்லை. கணக்கு விதிப்படி அது கல்லைச் சேராது, அன்றைக்கு எரிந்த மின்சாரத்தைத்தான் சேரும். நியாயம்தான். அந்த மின்சாரத்தோடு வீட்டுக்கு வந்த இ.பி. கார்டில் இருந்தவை மீட்டர் ரீடிங், யூனிட், தொகை, கட்டிய தேதி மட்டும்தான்.