வன்னியில் ஒரு வளவு: தண்டவாளம், வாய்க்கால், உறுதி

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரது மகள் கிளிநொச்சியில் ஆசிரியை; மருமகனுக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். சுமார் 65 கிலோமீற்றர் தூரத்தை நாளாந்தம் போய்வரக்கூடிய விதமாக, கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வளவு வாங்கி வீடு கட்ட எண்ணியிருந்தார்கள். “பரந்தனா, கனகபுரமா, திருவையாறா? நீங்கள் பத்திரிகைக்காரர், இடம் வலம் தெரிஞ்சவர். ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணை” என்றார்.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில், வன்னியில் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் புறந்தள்ளிவிட்டுக் காணி பார்க்கப் போனவர்கள் பலர் பின்னர் பிரதேச செயலகங்களின் படிகளில் ஏறி இறங்கியதை நாம் கண்டிருக்கின்றோம்.

ஆங்கிலேய நிருவாகியான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைநூலை 1895 இல் வெளியிட்டார். அக்காலத்தில் வன்னி என்றால் காடும், உடைந்த குளங்களும், காய்ச்சலுமே. 1905 இல் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை இக்காட்டை ஊடறுத்துச் சென்றது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902 இல் ஆரம்பமாகி 1920 அளவில் நிறைவுற்றது. முதலில் தண்டவாளம், அடுத்து நீர். குடியேற்றவாசிகள் பெருமளவில் வந்தது அதன் பின்னரே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து மலேரியாவை அடக்கிய பின்னரே குடும்பங்கள் துணிந்து தங்கலாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மக்கள் காணியை விலை கொடுத்து வாங்கவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசே அவர்களுக்கு வழங்கியது. அவர்களின் கையில் இருந்தது உறுதியன்று, அனுமதிப்பத்திரம். அக்காலத்தில் நல்ல காணி எது என்பதை வாய்க்காலே தீர்மானித்தது. தலைப்பகுதிக் காரனுக்கு நீர் முந்தும். கடைப்பகுதிக் காரன் வானத்தைப் பார்ப்பான். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலின் இலக்கத்தையே ஊர்ப்பெயராகச் சொல்லும் வழக்கம் இதனால் எழுந்ததே. 1960களில் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர்களுக்கு வழங்கப்பட்ட காணிகளின் கதையும் இதுவே.

சம்பளக்காரரின் நகரமாகக் கிளிநொச்சி மாறியது பின்னர்தான். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே பத்தாண்டில் ஆனையிறவு உப்பை நம்பிப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகிக் கச்சேரியும் திணைக்களங்களும் வந்தன. வீதியோரக் காணிக்கு வயற்காணியைவிட மதிப்பு ஏறியது.

பின்னர் போர். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வவுனியா கடைசி நிலையமாயிற்று. வடக்கின் பல பகுதிகளிலிருந்தும் இடம்பெயர்ந்தோர் அங்கே குவிந்தனர். பூந்தோட்டத்தில் நலன்புரி முகாம் அமைந்தது. குருமன்காடும் வைரவபுளியங்குளமும் வீடுகளால் நெருங்கின. நகரைச் சுற்றிய இக்குடியிருப்புகளுள் பலவற்றை வளர்த்தது இடப்பெயர்வே என்பதை அங்கு வீடு வாங்குபவர்கள் மறந்துவிடலாகாது.

கிளிநொச்சியோ 1996 இல் இராணுவத்திடமும், 1998 இல் புலிகளிடமும், 2009 ஜனவரி 2 ஆம் திகதி மீண்டும் இராணுவத்திடமும் கைமாறியது. ஓடிய மக்கள் உயிரைக் கொண்டு ஓடினார்கள். பெட்டியில் இருந்த அனுமதிப்பத்திரங்கள் எரிந்தன, தொலைந்தன. திரும்பி வந்தபோது எல்லைக் கற்களும் இல்லை.

2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. ஏ9 வீதி அகலமாகிப் பேரூந்துகள் பெருகின. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அறிவியல்நகரில் அமைந்தது. நாளாந்தம் போய்வருவோரின் ஊராக மாறியதும் காணி விலை ஏறியது. விலை ஏறியதும் பழைய கேள்வி எழுந்தது: விற்பவரின் கையில் இருக்கும் பத்திரம் எது?

அனுமதிப்பத்திரக் காணியையும், அதன் அடுத்த படியான அளிப்புப் பத்திரக் காணியையும் முறையான அனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை சட்டப்படி செல்லாது. விரும்பியபடி இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் துண்டாடவும் இயலாது. அரச காணியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் பத்தாண்டு ஆட்சி உரிமை கோர முடியாது. ஆயினும், வெறும் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டுக் காசு கைமாறும் வழக்கம் நின்றபாடில்லை. இப்படி வாங்கியவர் வீடு கட்டிக் கிணறும் வெட்டிய பிறகு, அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் வந்து நின்றால் அவரிடம் சொல்ல எதுவும் இராது.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த மக்களை வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் காந்தீயம் இயக்கத்தின் மூலம் வவுனியாப் பகுதியில் குடியமர்த்தினார்கள். 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவ்வாறு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பங்களுள் பல, நெடுங்காலம் எந்தப் பத்திரமும் இன்றியே இருந்தன. விலை மலிவு என்று காட்டப்படும் காணி, உண்மையில் பத்திரத்துக்காகக் காத்திருக்கும் ஓர் ஏழையின் காணியாகவும் இருக்கக்கூடும்.

பத்திரம் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு முல்லைத்தீவின் கேப்பாப்புலவு பதில் சொல்லும். அங்கு தமது சொந்த நிலத்துக்காக மக்கள் பாதுகாப்புப் படையினரின் முகாம் வாசலில் இருக்க நேர்ந்தது. 2017 மார்ச் மாதத்தில் பிலக்குடியிருப்பு விடுவிக்கப்பட்டது, இரவு பகலாக அவர்கள் அங்கே இருந்ததன் பின்னரே.

அடுத்தது நீர். 2018 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் மூழ்கின. கோடையில் காணி பார்ப்பவருக்கு அந்த வெள்ளம் தெரியாது. அயலில் நீண்ட காலம் இருக்கும் ஒரு முதியவரிடம், மாரியில் வாசலில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். “இடத்தைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள். முதலில் காணி எந்த வகை என்று பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் பாருங்கள். அனுமதிப்பத்திரம் என்றால் சட்டப்படி மாற்ற வழி உண்டா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிறகு மார்கழியில் ஒருமுறை போய்த் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பஸ் தரிப்பிடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.”

சிறிது நேரம் மௌனம். “அவை பார்த்த காணியிலை ஒண்டு, விலை நல்ல குறைவு அண்ணை. உறுதி பிறகு தாறமெண்டு சொல்லினம்” என்றார்.

அந்தக் காணியை வாங்க வேண்டாம் என்றேன்.