குதிரைப் பந்தய ‘டிப்ஸ்’ பலித்ததா? முடிவுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி

பெங்களூரு: பந்தய நாளன்று காலையில் ‘இன்றைய டிப்ஸ்’ செய்தித்தாள்களிலும் கைப்பேசிகளிலும் வலம் வரத் தொடங்கிவிடும். மாலையில், ‘பத்தில் நான்கு குதிரைகள் வென்றன’ என்ற பெருமிதமும் பின்தொடரும். ஆனால், அந்தக் கணிப்பை நம்பிப் பணம் கட்டியவர் லாபத்துடன் வீடு திரும்பினாரா என்பதற்கு வென்ற குதிரைகளின் எண்ணிக்கை மட்டும் விடையாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான கே.ஆர்.லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. கர்நாடகத்தில் பந்தயத் திடல்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசின் உரிமம் தேவை. 2024 ஜூன் மாதம் பெங்களூரு டர்ஃப் கிளப்புக்கு அரசு உரிமம் மறுத்ததும், கிளப் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தை நாடியது. திடலுக்கு வெளியே உரிமமின்றிச் சூதாட்டம் நடத்துவது குற்றமாகும்.

கணிப்பு எதன் அடிப்படையில்?

குதிரையின் அண்மைக்கால ஓட்டம், பந்தயத் தூரம், சுமக்க வேண்டிய எடை, ஜாக்கி, பயிற்சியாளர், காலைப் பயிற்சி ஓட்ட நேரம் ஆகியவற்றைக் கணிப்பாளர்கள் ஆராய்கின்றனர். தரையின் ஈரத்தன்மையை உணர்த்தும் ‘பெனிட்ரோமீட்டர்’ அளவும் கருத்தில் கொள்ளப்படுகிறது.

இதில் புதியவர்கள் தவறவிடுவது எடைக் கணக்கை. ‘ஹேண்டிகேப்’ பந்தயங்களில், அதிகத் தரமதிப்பீடு பெற்ற குதிரை கூடுதல் எடையைச் சுமக்கும். எல்லாக் குதிரைகளுக்கும் சமவாய்ப்பு அளிப்பதே இதன் நோக்கம். எனவே, கடந்த முறை வென்ற குதிரை, அடுத்த முறை கூடுதல் சுமையுடன் ஓட நேரிடலாம்.

டிப்ஸ் பரவினால் பரிசு குறையும்

‘டோட்’ எனப்படும் முறையில், பந்தயம் கட்டியவர்களின் பணம் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டு, கழிவு போக மீதி வென்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. 1867-இல் பாரிஸில் ஜோசப் ஒலேர் அறிமுகப்படுத்திய முறை இது.

உதாரணமாக, தொகுப்பில் ரூ.1 லட்சம் இருப்பதாகவும், கழிவு 20 சதவீதம் எனவும் கொள்வோம். ஒரு குதிரை மீது ரூ.40,000 கட்டப்பட்டிருந்தால், அது வெல்லும்போது ரூ.100-க்கு ரூ.200 கிடைக்கும். டிப்ஸ் பரவி அதே குதிரை மீது மேலும் ரூ.20,000 குவிந்தால், கிடைப்பது ரூ.160 மட்டுமே. கணிப்பு சரியாக இருந்தும், அதைப் பலர் பின்பற்றியதாலேயே வருவாய் குறைகிறது.

வெற்றி விகிதம் வேறு, லாபம் வேறு

ஒருவர் தலா ரூ.100 வீதம் 30 பந்தயங்களில் கட்டுகிறார்; 10 பலிக்கின்றன. சராசரியாக ரூ.250 வீதம் ரூ.2,500 திரும்பக் கிடைக்கிறது. கட்டியதோ ரூ.3,000. மூன்றில் ஒரு பங்கு பலித்தும் ரூ.500 இழப்பு.

மற்றொருவருக்கு 6 மட்டுமே பலிக்கின்றன, சராசரியாக ரூ.800 கிடைக்கிறது. அவர் பெறுவது ரூ.4,800. வரிக்கு முன் ரூ.1,800 லாபம். குறைவாகப் பலித்தவரே இங்கு முன்னிலையில் இருக்கிறார்.

அதேநேரம், வெல்லும் வாய்ப்பு குறைந்த குதிரைகளின் மீது மக்கள் தேவைக்கு மேல் பணம் கட்டுகின்றனர் என்பதை உளவியலாளர் கிரிஃபித் 1949-லேயே சுட்டிக்காட்டினார். ஆகவே, பெரிய பரிசை மட்டும் துரத்துவதும் தீர்வாகாது.

வரியைச் சேர்த்தால்?

கிளப்பின் கமிஷனுக்கு மட்டுமே ஜிஎஸ்டி பொருந்தும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் முதல் பந்தயத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத வரி உறுதி செய்யப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 40 சதவீதமாக உயர்ந்துள்ளது.

கட்டும் தொகைக்கு மேல் வரி வசூலிக்கப்படுவதாகக் கொண்டால், மேற்கண்ட 30 பந்தயங்களுக்கான செலவு ரூ.4,200. முதலாமவரின் இழப்பு ரூ.1,700 ஆகிறது, இரண்டாமவரின் லாபம் ரூ.600-ஆகச் சுருங்குகிறது. மூன்றில் ஒன்று பலிப்பவர் இழப்பின்றித் தப்புவதற்கே ரூ.100-க்குச் சராசரியாக ரூ.420 கிடைக்க வேண்டும். இதுதவிர, வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் உண்டு. தோற்ற தொகையை அதில் கழித்துக்கொள்ள இயலாது.

கவனிக்க வேண்டியவை

* பந்தயத்துக்கு முன் வெளியான கணிப்புகள் அனைத்தும், தோல்விகள் உட்பட, பட்டியலில் உள்ளனவா?

* எத்தனை பலித்தன என்பதுடன், மொத்தம் கட்டியதும் பெற்றதும் காட்டப்பட்டுள்ளனவா?

* ஒரு வாரமா, ஒரு பருவம் முழுவதுமா? சில நாள் முடிவுகள் தற்செயலாகவும் அமையலாம்.

* ‘உறுதியான வெற்றி’ என்று கூறிக் கட்டணம் கேட்கப்படுகிறதா? எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில், எட்டுக் குழுக்களுக்கு வெவ்வேறு குதிரைகளைப் பரிந்துரைத்தால் ஒரு குழுவுக்கு நிச்சயம் பலிக்கும். அக்குழுவினரே அடுத்த முறை அதிகப் பணம் செலுத்துவர்.

இழந்ததை மீட்பதற்காகக் கடன் வாங்கிக் கட்டுவதும், குடும்பத்தாரிடம் இழப்பை மறைப்பதும் அடிமையாதலின் அறிகுறிகள். இத்தகையோரும் அவர்களது குடும்பத்தினரும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தை முதன்மை மையமாகக் கொண்டு செயல்படும் மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.