நிறம் பார்க்கும் கண்ணும் படைவாசலும்

படை அதிகாரியாகும் கனவோடு மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும் இளைஞர்களிற் சிலர், ஓட்டத்திலோ எழுத்துப் பரீட்சையிலோ அல்ல, ஒரு சிறு புத்தகத்தின் முன்னால் தோற்றுப்போகின்றனர். பலவண்ணப் புள்ளிகளுக்கிடையே மற்றவர்கள் ஓர் இலக்கத்தை வாசிக்கும்போது இவர்களுக்கு வெறும் புள்ளிகள் மட்டுமே தென்படுகின்றன. தமக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருப்பதையே அவர்களிற் பலர் அன்றுதான் முதன்முதலில் அறிகின்றனர்.

இந்தப் பரிசோதனையின் வேர் படையில் இல்லை. புகையிரதப் பாதையில் இருக்கிறது. 1875 நவம்பரில் சுவீடனின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு புகையிரதங்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். சமிக்ஞை விளக்கின் நிறத்தை ஊழியர் ஒருவர் பிரித்தறியாமையே காரணமாக இருக்கலாம் என்று உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென் வாதிட்டார். அந்த விபத்துக்கு அதுதான் காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர். ஆயினும் ஹோல்ம்கிரென் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு நடத்திய பரிசோதனை, புகையிரத சேவைகளிலும் கப்பற்றுறையிலும் விரைவாகப் பரவியது. சிவப்பும் பச்சையும் உயிரைக் காக்கும் தொழில்கள் அவை. 1902இற்கும் 1905இற்கும் இடையில் வடபகுதிப் பாதை முழுமை பெற்ற பின்னர் புகையிரதமும், அதற்கு முன்பிருந்தே கடலும், யாழ்ப்பாணத்தாரின் சீவனோபாயத்தில் பெரும்பங்கு வகித்தன. இலங்கையிலும் மலாயாவிலும் புகையிரத நிலைய அதிபர்களாகப் பணிபுரிந்த நம்மவர்களுக்குக் கைவிளக்கின் நிறம் அன்றாட விடயம்.

படையினருக்கென இதை நுட்பமாக்கியவர் யப்பானிய இராணுவ மருத்துவரான ஷினோபு இஷிஹாரா. படைக்குச் சேர்க்கப்படுவோரைப் பரிசோதிக்க இலகுவான முறையொன்று தேவைப்பட்டது. அவர் வண்ணத்தூரிகையால் தீட்டிய ஆரம்பத் தகடுகளில் யப்பானிய எழுத்துக்களே இருந்தன. உலகெங்கும் பயன்படத்தக்க இலக்கங்கள் கொண்ட பதிப்பு 1917இல் வெளிவந்தது. அத்தகடுகளைச் சோதித்துப் பார்க்க அவருக்கு உதவியவர்களுள் ஒருவர் நிறக்குறைபாடுள்ள மருத்துவர் என்பது கவனிக்கத்தக்கது. குறைபாடுடையோரைப் படையிலிருந்து தடுக்கும் கருவி, அத்தகைய ஒருவரின் கண்ணைக் கொண்டே செப்பனிடப்பட்டது.

சிவப்பு-பச்சைக் குறைபாட்டிற்கான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. ஆகையால் அது பெரும்பாலும் ஆண்களிடமே காணப்படுகிறது. தாய்வழிப் பாட்டனுக்கிருந்த குறைபாடு, தாயின் கண்களில் வெளிப்படாமலே, பேரப்பிள்ளையின் கண்ணில் வந்து சேரலாம். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இது உண்டு. மருந்தாலோ பயிற்சியாலோ இது மாறுவதில்லை. ஆனால் இது எல்லா வேளையிலும் இழப்பு மட்டுமல்ல. நிறத்தால் மறைக்கப்பட்ட உருவங்களை இவர்களிற் சிலர் சாதாரண கண்ணுடையோரைவிடத் தெளிவாகக் கண்டுபிடிப்பதை 1992இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் நிறுவினர்.

எனவே கேள்வி, குறைபாடு உண்டா இல்லையா என்பதோடு முடிவதில்லை. எந்தப் பணிக்கு எவ்வளவு நிறப்பார்வை தேவை என்பதே பொருத்தமான கேள்வி. பிரித்தானிய மரபைப் பின்பற்றிய படைகள் இதைத் தரம் பிரித்து அளந்தன. இந்தியாவின் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தெரிவில் கடற்படையும் வான்படையும் உயர்தர நிறப்பார்வையைக் கேட்டன. தரைப்படையோ, வெள்ளை, சமிக்ஞைச் சிவப்பு, சமிக்ஞைப் பச்சை ஆகியவற்றை 1.5 மீற்றர் தூரத்திலிருந்து விளக்கொளியில் இனங்காண இயலுமாயின் போதும் என்றது. ஒரே இளைஞன் ஒரு வாசலில் திருப்பி அனுப்பப்படவும் அடுத்த வாசலில் ஏற்கப்படவும் கூடும்.

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1949இல் உருவான இலங்கைத் தரைப்படை பிரித்தானிய அச்சிலேயே வார்க்கப்பட்டது. ஆரம்ப காலத்துப் பயிலிளவல் அதிகாரிகள் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதன் முதலாவது இலங்கையர் தளபதி ஒரு தமிழர்: 1955 முதல் 1959 வரை அப்பதவி வகித்த அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர் யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த ராஜன் கதிர்காமர். ஒரு தலைமுறையில் அந்த வாசல் நமக்கு இவ்வளவு திறந்திருந்தது என்பதை இன்றைய இளைஞர் நம்புவது கடினம்.

பின்னர் நடந்ததை மருத்துவர்கள் தீர்மானிக்கவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், 1962 ஜனவரியின் தோல்வியுற்ற சதிமுயற்சியும் அதிகாரிகளின் தெரிவை மாற்றின. அச்சதியில் குற்றஞ்சாட்டப்பட்டோரிற் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். தமிழரும் பறங்கியரும் அவர்களுள் இருந்தனர். அதன் பின் இனமும் மதமும் தெரிவில் எடைபோடப்பட்டன. அந்தச் சல்லடைக்கு இலக்கத் தகடு இல்லை, விளக்கு இல்லை, தூர அளவும் இல்லை. தோற்றவன் எதில் தோற்றான் என்பதை எந்தத் தாளும் அவனுக்குச் சொல்லவில்லை.

இவ்விரு தடைகளுக்குமிடையேயான வேறுபாட்டையே இங்கு வலியுறுத்த விரும்புகிறேன். நிறப்பார்வைப் பரிசோதனை கடுமையானதுதான். எனினும் அது எழுதப்பட்டது. எழுதப்பட்ட அளவுகோலை எதிர்த்து வாதிடலாம், தளர்த்தலாம், பணிக்கேற்பத் திருத்தலாம். புனே திரைப்படக் கல்லூரியின் பாடநெறிகளிலிருந்து நிறக்குறைபாடுடையோரை விலக்கலாகாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் பணித்தது, அளவுகோல் கண்முன்னே இருந்ததனாற்றான். எழுதப்படாத தடையோடு அவ்வாறு வழக்காட இயலாது. அது தலைமுறைகளைத் தின்றுவிட்டே ஓய்கிறது, சிலவேளை ஓய்வதுமில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2012இல் கிளிநொச்சியிலிருந்து நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் தரைப்படையிற் சேர்க்கப்பட்டபோது அதை வரவேற்றோரும் இருந்தனர், சந்தேகித்தோரும் இருந்தனர். எமது பிள்ளைகள் அந்தச் சீருடையை அணிவதா என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் நினைவுகளோடு தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால் படையாயினும் கப்பலாயினும் விமானமாயினும், அந்தக் கனவு முளைக்கும் வயதிலேயே பிள்ளையின் நிறப்பார்வையைப் பரிசோதித்துவிடுவது பெற்றோரின் கடமை. சில நிமிடங்களே போதும். தன் கண்ணின் எல்லையை முன்னரே அறிந்த பிள்ளை வேறு பாதையைக் காலத்தோடு தேர்ந்துகொள்ளும். அதைவிட முக்கியமாக, பிற்காலத்தில் ஏதேனுமொரு வாசல் மூடப்படும்போது, மூடியது கண்ணா, வேறொன்றா என்பதும் அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.