முப்பத்தஞ்சு எட்டு ஸ்டார்

ஹார்டுவேர் கடையில் தச்சர் ஒருவர் வந்து நின்று, “முப்பத்தஞ்சு எட்டு ஸ்டார், ஒரு பாக்ஸ்” என்கிறார். கடைப்பையன் மறுகேள்வி கேட்பதில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கி வருகிறது. முப்பத்தஞ்சு, எட்டு, ஸ்டார் மூன்றும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில் பிறந்தவை.

முப்பத்தஞ்சு என்பது நீளம், மில்லிமீட்டரில். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியா மெட்ரிக்குக்கு மாறியதன் அடையாளம் அது. எட்டு அப்படியல்ல. அது திருகாணித் தண்டின் தடிமனைக் குறிக்கும் பழைய பிரிட்டிஷ் எண். எட்டாம் நம்பர் என்றால் ஏறக்குறைய 4.2 மி.மீ., ஆறு என்றால் 3.5. நீளத்துக்கு ஒரு கணக்கு, தடிமனுக்கு வேறொரு கணக்கு. ஒரே பெட்டியின் மேல் இரண்டும் அச்சாகியிருப்பது இங்கே யாரையும் உறுத்தியதில்லை.

அந்த எட்டாம் நம்பர் பிறந்த நாட்டில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணி கைவேலைதான். கொல்லர் இரும்புத் துண்டைக் காய்ச்சித் தலை தட்டுவார். தலையில் ரம்பத்தால் ஒரு கோடு கிழித்து, உடம்பில் அரத்தால் மரை ராவி எடுக்க வேண்டும். ஒன்றுக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. தலைக்கோடு நடுவில் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம். அதனால் மர வேலையில் திருகாணி சிக்கனமாகத்தான் புழங்கியது. நாற்காலியும் பெட்டியும் மரத்துக்குள் மரம் நுழைந்தே நின்றன. கதவு ஆடும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கும் கீலுக்கும், பூட்டுக்கும்தான் திருகாணி தேவைப்பட்டது.

ஜாப் வயட், வில்லியம் வயட் என்ற இரு சகோதரர்கள் 1760இல் திருகாணி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஸ்டாஃபோர்டுஷயரில் டேட்டன்ஹில் என்ற ஊரில், தண்ணீரால் ஓடிய பழைய மாவு மில் ஒன்றை 1776இல் தொழிற்சாலையாக மாற்றினார்கள். பல நிமிட வேலை ஆறேழு வினாடியில் முடிந்தது. இயந்திரத்தை ஓட்ட சிறுவர்களே போதும் என்றானது. ஆனாலும் தொழில் சகோதரர்களின் கையைக் கடித்தது. தொழிற்சாலையை வாங்கிய அடுத்தவர்கள்தான் காசு பார்த்தார்கள்.

அந்தத் திருகாணிக்கு ஒரு குறை இருந்தது. அதன் முனை மொட்டை. எவ்வளவு ஆழம் இறங்க வேண்டுமோ அவ்வளவுக்கும் முதலில் துளை போட்டாக வேண்டும். துளை கொஞ்சம் குறைந்தாலும் மொட்டை முனை அடியில் முட்டி நிற்கும். அதற்கு மேல் திருகினால் தலைக்கோடுதான் சிதையும். அமெரிக்கரான தாமஸ் ஸ்லோன் 1846இல் கூர்முனைத் திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார். முனையிலேயே மரை தொடங்குவதால் அது தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு போகும். பழைய மரச்சாமானின் வயதை எடைபோடுகிறவர்கள் இன்றைக்கும் ஒரு திருகாணியைக் கழற்றி முனையைப் பார்ப்பது இதனால்தான். நம் ஊரில் பல தச்சர்கள் திருகாணியைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் முடிக்கிறார்கள். ஸ்லோன் கூர்முனை வைத்தது அதற்காக அல்ல. அடித்த இடத்தில் மர நார் கிழிந்துபோகும். மரைக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

பர்மிங்காமில் திருகாணி செய்துகொண்டிருந்த ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்டு ஸ்லோனின் கூர்முனைத் திருகாணியைச் செய்யும் அமெரிக்க இயந்திரத்தின் உரிமையை வாங்க நினைத்தார். தேவைப்பட்டது 30,000 பவுண்டு. மைத்துனர் 10,000 போட்டார். போட்ட பணத்தைக் கவனித்துக்கொள்ள 1854இல் தன் மகனையும் அனுப்பிவைத்தார். பதினெட்டு வயதான அந்தப் பையன் ஜோசஃப் சேம்பர்லின். இருபது வருடம் திருகாணி விற்றுச் செல்வம் சேர்த்து, 1874இல் தொழிலை விட்டு அரசியலில் முழுசாக இறங்கியவர், போயர் போர்க் காலத்தில் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். அவருடைய மகன் நெவில் பின்னாளில் பிரதமரானார். நெட்டில்ஃபோல்டு நிறுவனம் 1902இல் கெஸ்ட் கீன் நிறுவனத்துடன் இணைந்தது; அதன் இந்தியக் கிளை ஹவுராவில் ஜி.கே.டபிள்யூ. என்ற பெயரில் வளர்ந்தது. சரக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதில் “ஜி.கே.டபிள்யூ. இருக்கா?” என்று கேட்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு.

மிச்சம் இருப்பது ஸ்டார். தலையில் ஒற்றைக்கோடு இருந்தால் திருப்புளி வழுக்கும். கனடாவின் பி. எல். ராபர்ட்சன் 1908இல் சதுரக் குழி வைத்த தலையைக் கொண்டுவந்தார். திருப்புளி வழுக்கித் தன் கையே கிழிந்ததுதான் காரணம் என்று கதை உண்டு. ஃபோர்டு கம்பெனிக்கு அது பிடித்துப்போனது, ஆனால் உரிமையை விட்டுக்கொடுக்க ராபர்ட்சன் சம்மதிக்கவில்லை. சதுரத் தலை பெரும்பாலும் கனடாவிலேயே தங்கிவிட்டது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஹென்றி பிலிப்ஸ் வேறு மாதிரி. இன்னொருவர் வடிவமைத்த நட்சத்திரக் குழியை வாங்கி, மெருகேற்றி, 1936இல் காப்புரிமை பெற்று, உரிமையைத் தாராளமாக விற்றார். கேடிலாக் கார்கள் முதலில் எடுத்துக்கொண்டன. நட்சத்திரக் குழியில் திருப்புளி தானாக நடுவில் உட்காரும். இயந்திரத்தால் முடுக்க அது வசதி. நல்லதென்று பார்த்தால் சதுரம்தான் நல்லது, வழுக்காது. சந்தையில் ஜெயித்தது ஸ்டார்.

எதற்கு எது என்பதில் தச்சர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே வைக்கும் பலகையின் தடிமனைப்போல மூன்று மடங்கு நீளம். 12 மி.மீ. பிளைவுட் என்றால் முப்பத்தஞ்சு. 18 என்றால் ஐம்பது. பழைய திருகாணியில் தலைக்குக் கீழே மரை இல்லாத கழுத்து இருக்கும். அந்தக் கழுத்து மேல் பலகையைப் பிடிக்காது, அதனால்தான் இரண்டு பலகையும் இறுக ஒட்டும். இப்போது வருவதில் பெரும்பாலும் முனை முதல் தலை வரை மரைதான். மேல் பலகையில் கொஞ்சம் தாராளமாகத் துளை போடாவிட்டால் நடுவில் இடைவெளி அப்படியே நின்றுவிடும். தேக்குக் கதவுக்குப் பித்தளைத் திருகாணி அழகு, ஆனால் மென்மை. அதே அளவு இரும்பு ஒன்றை முதலில் ஏற்றி இறக்கி, பிறகு பித்தளையில் சோப்பு தடவி முடுக்குவார்கள்.

குழப்பம் வருவது கருப்பு ஜிப்சம் ஸ்குரூவால். விலை குறைவு, கூர்மை அதிகம், டிரில் மெஷினில் வெண்ணெய்போல இறங்கும். ஜிப்சம் பலகைக்காகச் செய்தது அது. கடினப்படுத்திய எஃகு, வளையத் தெரியாது. கனமான கதவின் கீலில் போட்டால் ஒருநாள் தலை மட்டும் தனியே கையில் வரும்.

அப்படி வந்த வீட்டில் தச்சர் செய்வது இதுதான். மிச்சத் தண்டைக் குறடால் பிடித்துத் திருகி எடுக்கிறார். இரண்டு தீக்குச்சிகளின் மருந்தை உடைத்தெறிந்துவிட்டுப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் சொருகுகிறார். நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவுகிறார். புதுப் பெட்டியைப் பிரித்து ஒரு முப்பத்தஞ்சு எட்டை எடுக்கிறார். இந்த முறை சுத்தியல் பையிலேயே கிடக்கிறது.