வெளிப்பூச்சு வந்த வழி

கருணாபுரம் போன்ற கள்ளக்குறிச்சியின் நெருக்கமான தெருக்களில் நடந்தால் ஒரு வழக்கம் கண்ணில் படும். வீட்டின் முகப்பை வழவழவென்று பூசிப் பளிச்சென்று வண்ணம் அடித்திருப்பார்கள். பக்கச் சுவரில் செங்கல் அப்படியே தெரியும். கையில் இருந்த பணம் உள்பூச்சோடு தீர்ந்திருக்கும். ‘வெளிப்பூச்சை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சாரத்தைப் பிரித்திருப்பார்கள். அந்த ‘அப்புறம்’ சில வீடுகளுக்குப் பல ஐப்பசிகள் கடந்தும் வருவதில்லை.

மனிதன் செங்கல் சுடக் கற்றதற்கும் வெகுகாலம் முன்பே சுவர் பூசக் கற்றுவிட்டான். ஜோர்டான் நாட்டின் அயின் கசால் என்ற இடத்தில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, தரைக்குப் பூசினார்கள். அதே சாந்தில் மனித உருவங்களும் செய்தார்கள். முதலில் யாருக்கு எப்படித் தோன்றியதோ! அடுப்பைச் சுற்றி வைத்த கல் வெந்து, அதன்மேல் தண்ணீர் பட்டு, பொங்கிப் பொடியானதை ஒருவர் உற்றுப் பார்த்திருக்கலாம். துருக்கியின் சாட்டல்ஹூயுக் என்ற பழங்கால ஊரில் சுட்ட சுண்ணாம்பைவிட வெண்களிமண்தான் சுவருக்குப் போயிற்று. அங்கே வீட்டுச் சுவரைத் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். மரத்தின் வளையம்போல அந்தப் பூச்சை ஏடு ஏடாக எண்ணலாம்.

பொங்கல் நெருங்கும்போது செம்மண்ணும் சாணமும் கரைத்துச் சுவர் மெழுகும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகளும் இந்த முறைதான்: மூங்கில் படல், மண் பூச்சு, மேலே புல் கூரை. கூரை தாழ இறங்கி மழையைத் தடுக்கும், மண் பூச்சு மிச்சத்தைத் தாங்கும். கரைந்த இடத்தை அடுத்த ஆண்டு மெழுகிக்கொள்ளலாம்.

ரோமானியர்கள் சுண்ணாம்பில் எரிமலைச் சாம்பலைக் கலந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து செய்தார்கள். சுவருக்கு மணல் சாந்து மூன்று பூச்சு, அதன்மேல் சலவைக்கல் பொடி மூன்று பூச்சு என்று அவர்களுடைய கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியஸ் எழுதி வைத்தார். நம் பக்கத்தில் இந்த வித்தை கோபுரம் ஏறியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கும் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். அடித்தளம் கல், மேலே செங்கல். அந்தச் செங்கலை மழையிலிருந்து காப்பது சுதை. அதில் உள்ள உருவங்களைப் பார்த்துக் கைகூப்புகிறோம். அதுவும் ஒரு வெளிப்பூச்சு என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த மனிதர் ஐசக் பைக். பின்னாளில் நெப்போலியன் சிறையிருந்து இறந்த செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். மதராஸில் மிகச் சிறந்த சாந்து செய்யும் முறை என்று அவர் எழுதி அனுப்பிய குறிப்பை, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1730-களின் தொடக்கத்தில் அச்சிட்டது. மணலும் சுண்ணாம்பும் கலந்து குவிக்க வேண்டும். வெல்லம் கரைத்த நீர், பயறு வேகவைத்த கஞ்சி, கடுக்காய் வேகவைத்த நீர் விட்டு நன்றாக அடிக்க வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் உண்டு. நியூட்டன் தலைவராக இருந்த சபையின் இதழில் நம் கொத்தனாரின் கைப்பக்குவம்!

அந்தச் சாமான்களைக் கள்ளக்குறிச்சிக்காரர்கள் தேடிப் போக வேண்டியதே இல்லை. கடுக்காய் கல்வராயன் மலையின் காட்டு விளைச்சல். வெல்லத்துக்கு வேண்டிய கரும்போ, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நடக்கும் அளவுக்கு விளைகிறது. வெல்லம் சாந்தைக் குழைவாக்கும். கடுக்காயின் துவர்ப்பு இறுகும் வேகத்தை மட்டுப்படுத்தும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூசித் தேய்த்த மதராஸ் தூண்களைச் சலவைக்கல் என்றே வெள்ளைக்காரர்கள் மயங்கினார்கள். சுண்ணாம்பு ‘சுனாம்’ ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது.

லண்டனிலும் இதே மயக்கம் வேறு உருவில் நடந்தது. அங்கே நல்ல கல்லுக்கு விலை அதிகம். 1820-களில் ஜான் நாஷ் போன்ற கட்டடக்கலைஞர்கள் செங்கல் வீடுகளின் மேல் சாந்து பூசினார்கள். ஈரமாக இருக்கும்போதே கோடு கீறி, கல் அடுக்கியது போலக் காட்டுவதும் வழக்கம். அந்தப் போலிக்குத் தோதாகக் காப்புரிமைச் சாந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு முன்பே, 1750-களில், எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட வந்த ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்தான் தண்ணீருக்குள் இறுகுகிறது என்று கண்டிருந்தார். 1824-இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தன் பொடிக்குக் காப்புரிமை வாங்கியபோது, போர்ட்லாந்து தீவின் கட்டடக்கல்லைப் போல இருக்கிறது என்று அந்தக் கல்லின் பெயரையே வைத்தார். இன்று சிமெண்ட் மூட்டையில் நாம் படிக்கும் பெயர் அதுதான்.

அந்தப் பொடியை இந்தியாவில் தயாரிக்கும் முதல் முயற்சியும் மதராஸில்தான், 1904-இல், கடல் கிளிஞ்சலை வைத்தே நடந்தது. நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் வெற்றி கிடைத்தது. 1939-இல் டால்மியாபுரம் ஆலை வந்தது. சுண்ணாம்புச் செக்கும் காளவாயும் ஊர் ஊராக நின்றுபோயின. சாந்து புளிக்க வாரக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

சிமெண்டைக் குறை சொல்ல மாட்டேன். சுட்ட செங்கலுக்கு அது நல்ல சட்டை. தரமான செங்கல் என்று விதிமுறை ஏற்பதுகூடத் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம். 3 கிலோ கல்லுக்கு அது 600 மில்லி. பூசாத பக்கச் சுவர் அடைமழையில் அவ்வளவையும் உறிஞ்சி உள்ளே ஓதமாகக் காட்டும். அலமாரித் துணியில் பூஞ்சை, உதிரும் உள்பூச்சு, குழந்தைக்கு இழுப்பு என்று அந்த ஈரம் வீட்டுக்குள் அலையும். வெளிப்பூச்சு போட்டால் கல் இடுக்கு அடைபடும், கலவை அரிக்காது, எறும்பும் பூரானும் குடியேறாது. வெள்ளை அடித்துவிட்டால் சித்திரை வெயிலில் சூடும் குறையும்.

ஆனால் மண் சுவருக்கு இதே சிமெண்ட் எதிரி. மண் சுவர் தரையிலிருந்து ஈரம் இழுத்து, வெளியே விட்டு, காய்ந்து வாழ்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். பூச்சுக்குப் பின்னால் மண் கரையும். ஒருநாள் பாளம் பாளமாக விழும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் இதே கதிதான். மலையில் மண் வீட்டை ‘பக்கா’ ஆக்குகிறோம் என்று சிமெண்ட் பூசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சுண்ணாம்போ செம்மண்ணோதான் சரி.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் இழுபறியானால் முகப்பு டைல்ஸையும் அலங்கார வளைவையும் தள்ளிப்போடுங்கள். சாரம் நிற்கும்போதே நான்கு பக்கமும் பூசிவிடுங்கள். பூச்சுக்கு முன் செங்கலை நனையுங்கள். பூசிய பின் ஏழு நாளாவது காலையும் மாலையும் தண்ணீர் அடியுங்கள். எல்லாம் ஐப்பசி மழை தொடங்கும் முன்னே முடியட்டும்.