பிஸ்த், சஃபாரி, போடா போடா: ஆப்பிரிக்க மண்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓடிய வரலாறு

1934 டிசம்பர் 11 அன்று லண்டனிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் புறப்பட்டது. யார்க்‌ஷயரில் தயாரான 600 சிசி பாந்தர், ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பக்கத்தில் சைட்கார், பின்னால் இழுத்துச்செல்ல ஒரு டிரெய்லர். ஓட்டியவர்கள் தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு இளம்பெண்கள். சேருமிடம் கேப் டவுன். இடையில் சகாரா, நடு ஆப்பிரிக்கக் காடுகள், கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகள்.

இருவரும் விளையாட்டுக்காகக் கிளம்பியவர்கள் அல்லர். வாலக் பொறியியல் படித்தவர். பிளென்கிரன் அதே ஆண்டில்தான் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தாண்டித் தங்க நட்சத்திரம் பெற்றிருந்தார். பெண்களில் அதைப் பெற்ற முதலாமவர் அவர். அல்ஜீரியாவில் இறங்கித் தெற்கே திரும்பி, மணலில் வண்டியைத் தள்ளியும் தோண்டியெடுத்தும் சகாராவைக் கடந்தனர். அகாடெஸ் நகரம் நெருங்கும் வேளையில் எஞ்சின் கைவிட்டது. அந்நகரில் அதை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டினர். பின்னர் நைஜீரியா, கேமரூன், பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த உபாங்கி-ஷாரி, பெல்ஜியக் காங்கோ, உகாண்டா, கென்யா, தாங்கனீக்கா, ரொடீசியா என்று இறங்கி, 1935 ஜூலை 29 அன்று கேப் டவுனை அடைந்தனர். ஏறத்தாழ எட்டு மாதங்கள். வாலக் இப்பயணத்தைப் பற்றி எழுதிய ‘தி ரக்கட் ரோடு’ நூல் அவர் 1999இல் மறைந்த பிறகே, 2001இல் அச்சேறியது. சாலையிலும் மண்ணிலும் ஒருசேர ஓடவல்ல ‘டூயல் ஸ்போர்ட்’ என்னும் வகை தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அவ்வகை வண்டியின் வேலையைச் சைட்காரும் டிரெய்லரும் சுமந்த ஒரு பாந்தர் செய்து முடித்துவிட்டது.

இக்கதையைச் சொல்வோர் வழக்கமாக இரு பெண்களின் துணிவோடு நிறுத்திக்கொள்வர். அத்துணிவில் ஐயமில்லை. ஆயினும் கேட்கப்படாத ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1935இல் உபாங்கி-ஷாரியின் காட்டினூடே மோட்டார் வண்டி செல்லத்தக்க ஒரு பாதை எப்படிக் கிடந்தது? அங்கே கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விடையின் ஒரு பகுதி பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீதின் பயணக் குறிப்புகளில் உள்ளது. 1925இல் புறப்பட்டு அதே நிலப்பரப்பில் பயணம் செய்த அவர், 1927இல் வெளியிட்ட ‘காங்கோ பயணம்’ நூலில், கொட்டும் மழையில் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பதிவு செய்தார். பலருக்கு முதுகிலோ மார்பிலோ குழந்தை, கருவிகள் இல்லை, மண்ணைக் கையால் அள்ளினர். அந்தச் சாலை எதற்குப் பயன்பட்டது? வாணிப நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி மாதம் ஒருமுறை காரில் சந்தைக்குச் சென்றுவர. ழீத் புரட்சியாளராக அங்கே சென்றவர் அல்லர். பட்டாம்பூச்சி பிடிக்கும் ஆர்வத்தோடு சென்ற இலக்கியவாதி. அந்தச் சாலை அவரை மாற்றியது. அவருடைய நூல் பிரெஞ்சு நாடாளுமன்றம் வரை விவாதத்தைக் கிளப்பியது.

பிரெஞ்சுக் காலனிகளில் ஊர்மக்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்கள் கூலியின்றிச் சாலைவேலை செய்தாக வேண்டும் என்பது நிர்வாக விதி. சோழர்காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இத்தகைய ஊதியமற்ற கட்டாய உழைப்பைத்தான். இன்றைய தமிழில் அச்சொல் ‘பயனற்றது’ என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. பயன் யாருக்கு இல்லாதிருந்தது என்பதைச் சொல் மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பை ஒழித்த சட்டம் 1946 ஏப்ரல் 11 அன்றுதான் நிறைவேறியது. அதை முன்மொழிந்தவர் ஐவரி கோஸ்ட்டின் ஃபெலிக்ஸ் ஊஃபுவே-புவானி. வாலக்கும் பிளென்கிரனும் அவ்வழியே சென்று பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

சகாராவின் மண்பாதையைப் பிரெஞ்சுமொழியில் ‘பிஸ்த்’ என்பர். இத்தாலியின் ‘பிஸ்தா’ வழியாக வந்த இச்சொல்லின் வேர், இடித்தல், மிதித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. அதாவது பிஸ்த் என்பது பலர் கால்பட்டு மிதிபட்ட தடம். அதையே பயண நூல்கள் ‘மனிதக் காலடி படாத வழி’ என்று வருணிப்பதுண்டு. ஒட்டக வணிகக் கூட்டங்கள் உப்பும் பொன்னும் ஏற்றிப் பல நூற்றாண்டுகள் நடந்த வழிகளின்மேல்தான் மோட்டார் சக்கரங்கள் ஏறின.

‘சஃபாரி’யின் கதை இன்னும் வளைந்தது. அரபியின் ‘சஃபர்’ என்னும் சொல்லிலிருந்து சுவாஹிலிக்குச் சென்றது. அங்கே அதற்குப் பயணம் என்பதற்கு மேல் பொருளில்லை. மருத்துவமனைக்குப் போவதும் சஃபாரி, மகளின் புகுந்தவீட்டுக்குப் போவதும் சஃபாரி. வழியனுப்புகையில் ‘சஃபாரி ஞேமா’ என்பார்கள். பொருள் தேடிக் கடல் கடந்தவரைத் தமிழ் முஸ்லிம்கள் ‘சபுராளி’ என்பதும் இதே வேர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது, நூற்றுக்கணக்கான சுமையாட்களோடு கிளம்பும் வேட்டைப் பயணமாக அது சுருங்கியது. 1909இல் மொம்பாசாவில் இறங்கிய முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வேட்டை அதை உலகறியச் செய்தது. துப்பாக்கி போய் கேமரா வந்த பின்னும், விலங்கைக் காணச் செல்லும் வெளியாளின் பயணம் என்ற பொருள் மாறவில்லை.

மோட்டார் சைக்கிளை மீண்டும் ஆப்பிரிக்க மண்ணுக்கு இழுத்து வந்தது பந்தயம். 1977இல் அபிஜான்–நீஸ் பந்தயத்தின்போது தியெரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் பாலைவனத்தில் வழிதவறினார். மீட்கப்பட்டுத் திரும்பியவர், பாரிஸிலிருந்து டக்கார் வரை ஒரு பந்தயம் நடத்தத் தீர்மானித்தார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் 182 வண்டிகள் கிளம்பின. டக்காரை எட்டியவை 74. வென்றவர் சிரில் நெவூ. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500. பந்தயத்துக்கெனத் தனியாக உருவாக்கப்பட்ட வண்டியல்ல அது. கடையில் விற்ற வண்டி. ஒற்றை சிலிண்டர் என்பதால் எடை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. முன்சக்கரம் 21 அங்குலம் என்பதால் கல்லையும் மணல்மேட்டையும் ஏறித் தாண்டும். நெடிய சஸ்பென்ஷன், தரையிலிருந்து உயர்ந்த அடிப்பகுதி, பதிவெண் பலகை, முகப்பு விளக்கு: ஊருக்குள்ளும் ஓட்டலாம், காட்டுக்குள்ளும் ஓட்டலாம்.

1980இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் வண்டியை வெளியிட்டது. ஜெர்மன் மொழியில் ‘கெலண்ட’ என்றால் கரடுமுரடான நிலம், ‘ஷ்ட்ராச’ என்றால் சாலை; பெயரிலுள்ள சாய்கோடுதான் இவ்வகை வண்டியின் இலக்கணம். மறு ஆண்டே ஊபேர் ஓரியோல் அதில் டக்கார் பந்தயத்தை வென்றார். அதன் பிறகு பெயர்கள் வரிசைகட்டின. 1983இல் பெரிய பெட்ரோல் டேங்குடன் யமஹா வெளியிட்ட வண்டியின் பெயர் ‘டெனெரே’. 1988இல் ஹோண்டாவின் ‘ஆஃப்ரிக்கா ட்வின்’. ஒரு கண்டமும் ஒரு பாலைவனமும் டேங்கின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்களாயின.

டெனெரே என்பது துவாரெக் மக்களின் மொழியில் வெட்டவெளி, பாலை என்று பொருள்படும் சொல். நைஜரிலுள்ள அப்பாலையில் ஒரே ஒரு வேலமரம் இருந்தது. சுற்றிலும் நெடுந்தொலைவுக்கு வேறு மரமே இல்லை. வணிகக் கூட்டங்களுக்கு அது வழிகாட்டி. அதன் கிளையை ஒடிப்பதில்லை என்பது எழுதாத மரபு. 1973இல் ஒரு லாரி அதன்மேல் மோதிச் சாய்த்தது. அவ்வளவு பெரிய வெளியில், அந்த ஒரு மரத்தின்மேல். காய்ந்த அடிமரம் இன்று நியாமே நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பந்தயம் சென்ற வெளியும் ஆளற்றதன்று. 1988 பந்தயத்தில் மாலியில் சாலையைக் கடந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தய வண்டி மோதி இறந்தாள். மோரித்தானியாவில் படப்பிடிப்புக் குழுவின் வண்டி மோதித் தாயும் மகளும் மாண்டனர். சபீன் 1986 ஜனவரி 14 அன்றே மாலியில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். உடன் மாண்டவர்களில் பாடகர் தனியேல் பலவுவான் ஒருவர். ஊர்களுக்குத் தண்ணீர் பம்புகள் அமைக்கும் பணிக்காக வந்திருந்தவர் அவர். மோரித்தானியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டதை அடுத்து 2008 பந்தயம் கைவிடப்பட்டது. 2009இல் தென் அமெரிக்காவுக்கும் 2020இல் சவூதி அரேபியாவுக்கும் அது இடம்பெயர்ந்தது. பெயர் மட்டும் இன்னும் ‘டக்கார்’. செனகலின் தலைநகர் அரேபியப் பாலையில் ஆண்டுதோறும் உச்சரிக்கப்படுகிறது.

பந்தயம் போனாலும் தனிப் பயணிகள் நின்றுவிடவில்லை. நமீபியாவின் சரளைச் சாலைகளிலும் போட்ஸ்வானாவின் மணற்பாதைகளிலும் இன்றும் மோட்டார் சைக்கிள்கள் செல்கின்றன. ஆனால் காட்டு விலங்கைக் காண விரும்பும் பைக் பயணிக்கு ஒரு தடை உண்டு. குரூகர், எட்டோஷா, சோபே போன்ற தேசியப் பூங்காக்கள் மோட்டார் சைக்கிளை உள்ளே விடுவதில்லை. காரணம் எளியது: சிங்கத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே தகரம்கூட இல்லை. பைக்கை வாயிலில் நிறுத்திவிட்டு ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

அந்த வாயில்கள் மோட்டார் சைக்கிளுக்கு முன்பே வேறு சிலருக்கு மூடப்பட்டவை. 1954இல் எட்டோஷாவில் வாழ்ந்த ஹாயோம் மக்கள், அந்நிலத்தின் பழங்குடி வேட்டையர், பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மேய்ப்பர்கள் அகற்றப்பட்டனர். முடிவின்றி நீளும் நிலம் என்று பொருள்பட அப்பெயரை அந்நிலத்துக்கு வைத்தவர்கள் அவர்களே. பயணக் கட்டுரைகள் வியக்கும் ‘மனிதர் தீண்டாத வனம்’ பல இடங்களில் கோப்புகளிலும் லாரிகளிலும் உருவாக்கப்பட்டது. அதற்கு ஆண்டும் அரசாணையும் உண்டு. விலங்குகளைக் காக்க வேலி தேவையில்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆளில்லா நிலம் என்பதை மட்டும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அந்நிலத்து மக்களே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்ட கதை சாகச இதழ்களில் அதிகம் வருவதில்லை. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையிலுள்ள பூசியா எல்லையில் இரு சோதனைச் சாவடிகளுக்கு நடுவே எவருக்கும் உரிமையற்ற ஒரு நீளம் உண்டு. அதைக் கடக்க மூட்டை சுமந்தவர்களைச் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றிச்சென்ற இளைஞர்கள் ‘பார்டர், பார்டர்’ என்று கூவி ஆள் சேர்த்தனர். அக்கூவல் ‘போடா போடா’ ஆயிற்று. (தமிழர் காதில் அது வேறுவிதமாக விழும், அழைக்கும் குரலே விரட்டும் குரலாகிவிடும்.) பிறகு சைக்கிளின் இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது, பெயர் அதற்கே நிலைத்தது. நைஜீரியாவில் இதன் பெயர் ‘ஒகாடா’. ஒகாடா ஏர் என்னும் விமான நிறுவனத்தின் பெயரை நெரிசலில் புகுந்து பறக்கும் பைக்குக்கு மக்கள் சூட்டினர். பெனினில் ‘செமிஜான்’, என்னைச் சீக்கிரம் கொண்டுபோ என்னும் ஃபான் மொழித் தொடர். யமஹாவும் ஹோண்டாவும் ஆப்பிரிக்க இடப்பெயர்களை எடுத்துத் தம் வண்டிகளுக்கு வைத்தன; ஆப்பிரிக்கத் தெருக்கள் விமானத்தின் பெயரை எடுத்துத் தம் வண்டிக்கு வைத்தன. பின்னதில் நகைச்சுவை உண்டு.

இந்த வண்டிகளில் பெரும்பங்கு இந்தியாவில் தயாரானவை. பாஜாஜ் பாக்ஸர் கிழக்கு ஆப்பிரிக்கச் சாலைகளின் அன்றாடக் காட்சி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் எச்எல்எக்ஸ் வண்டிகளும் அக்கண்டத்தின் பல நாடுகளில் ஓடுகின்றன. 100 முதல் 150 சிசி எஞ்சின், நீண்ட இருக்கை, பின்னால் உறுதியான கேரியர். நெடிய சஸ்பென்ஷன் இல்லை, 21 அங்குலச் சக்கரம் இல்லை, 30 லிட்டர் டேங்க் இல்லை. ஆனாலும் மழைக்காலச் செம்மண் சேற்றில் இருவரையும் ஒரு வாழைத்தாரையும், சில நாட்களில் ஒரு கர்ப்பிணியையும் சுமந்து செல்கின்றன. தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஒருசேர ஓடுவதே டூயல் ஸ்போர்ட் வண்டியின் இலக்கணமென்றால், இவ்வண்டிகளை அப்பட்டியலில் சேர்க்காததற்கு விலையைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிப்பது கடினம்.

தான்சானியாவில் டார் எஸ் சலாமிலிருந்து இரிங்கா செல்லும் நெடுஞ்சாலை, மிகுமி தேசியப் பூங்காவினூடே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்கிறது. இது பொதுச்சாலை, பைக்குக்குத் தடையில்லை. ஒட்டகச்சிவிங்கியும் யானையும் வரிக்குதிரையும் தாரைக் கடக்கும். நமீபியாவின் வடகிழக்கில் பி8 சாலையும் இவ்வாறே ப்வாப்வாட்டா பூங்காவை ஊடறுத்துச் செல்கிறது. அப்பூங்காவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: குவே மக்கள் அதற்குள்ளேயே தம் ஊர்களில் வாழ்கின்றனர். ஐரோப்பாவிலிருந்து பல எல்லைகள் கடந்து வரும் பெரிய எஞ்சின் வண்டி அங்கே வேகத்தைக் குறைக்கும். சாலையோரம் யானை எச்சரிக்கைப் பலகை. அதே சாலையின் ஓரத்தில் தலைச்சுமையோடு பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்து செல்வார்கள்.