மூன்று குழல்களும் ஒரு விலையும்

பழைய புத்தகக் கடையில் ஒரு நூலைக் கையிலெடுப்பவர் முதலில் பார்ப்பது அட்டையை அல்ல. பதிப்பாண்டு அச்சிடப்பட்ட பக்கத்தை. பழைய துப்பாக்கிகளை அறிந்து வாங்குபவர்களும் அப்படித்தான். வெள்ளிநிற இரும்பில் செதுக்கப்பட்ட கலைமானையும் கருவேல இலைகளையும் அவர்கள் பிறகுதான் பார்க்கிறார்கள். முதலில் குழல்களைக் கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் சிறு முத்திரைகளை உருப்பெருக்கி வைத்துப் படிக்கிறார்கள். ஓர் ஆயுதத்தின் பதிப்புப் பக்கம் அது. அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் ஐரோப்பாவின் நூறாண்டு வரலாற்றில் கணிசமான பகுதியைப் படித்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் எளிய முன்வைப்பு.

இங்கே பேசப்போவது ஒரு குறிப்பிட்ட வகையைப் பற்றி. ரவை சிதறும் வழவழப்பான குழலும், ஒற்றைத் தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் சுருள்வரிக் குழலும் ஒரே துப்பாக்கியில் இணைந்த வகை. ஜெர்மானியர்கள் இரு குழல் கொண்டதை 'பூக்ஸ்ஃபிளிண்டெ' என்றும், மூன்று குழல் கொண்டதை 'ட்ரில்லிங்' என்றும் அழைக்கிறார்கள். முதற்சொல்லில் ரைஃபிளும் ஷாட்கன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது சொல்லுக்கு அம்மொழியில் இன்னொரு பொருளும் உண்டு: ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒன்று.

இந்த விசித்திரப் பிறவி ஏன் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் செழித்தது, இங்கிலாந்தில் ஏன் அவ்வாறு வேரூன்றவில்லை என்று கேட்டால், விடை தொழில்நுட்பத்தில் இல்லை, நிலவுடைமையில் இருக்கிறது. ஆங்கிலப் பிரபு பறவை சுட ஒரு துப்பாக்கியும், மான் சுட மற்றொன்றும், அவற்றைச் சுமக்க ஆட்களும் வைத்திருந்தார். ஜெர்மன் நாடுகளில் 1848 புரட்சிக்குப்பின் வேட்டை என்பது பிரபுக்களின் தனியுரிமை என்ற நிலை உடைந்து, அது நிலத்தோடு இணைந்த உரிமையாயிற்று. காட்டின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தவரும், அரசாங்க வனக்காவலரும் தனியாக நடந்தார்கள். அவர்கள் நடந்த அதே பாதையில் முயலும் வரும், காட்டுப்பன்றியும் வரும், சிறுமானும் நரியும் வரும். எது வரும் என்று தெரியாத ஒருவனுக்கு, எதற்கும் தயாரான ஒரே கருவி தேவைப்பட்டது. அந்தத் தேவையின் வடிவமே ட்ரில்லிங்.

பொதுவான அமைப்பு இது: மேலே பக்கவாட்டில் இரு ரவைக் குழல்கள், அவற்றின் கீழே நடுவில் ஒரு சுருள்வரிக் குழல். விசைகளோ இரண்டுதான். பிடியின் மேற்புறம் இருக்கும் சிறு நகர்வுப் பித்தானை முன்னே தள்ளினால், முன்விசை ரவைக் குழலை விட்டு ரைஃபிள் குழலுக்கு மாறிக்கொள்ளும். அதே நொடியில் குழல்களின் மேல் படுத்திருக்கும் குறிபார்க்கும் தகடு தானாக எழுந்து நிற்கும். இத்தனை உறுப்புகளையும் தோளில் தூக்கி நாள்முழுதும் நடக்கத்தக்க எடைக்குள் அடக்குவது எளிதல்ல. தூரிங்கியா மாநிலத்தின் ஸூல் நகரமும், ஆஸ்திரியாவின் ஃபெர்லாஹ் என்ற சிற்றூரும் தலைமுறை தலைமுறையாக இந்தக் கைத்திறனை வளர்த்தன. ஸூலில் ஸாவர் நிறுவனம் 1751-லிருந்தும், மெர்க்கெல் சகோதரர்களின் நிறுவனம் 1898-லிருந்தும் இயங்கின.

இதே சிக்கலுக்கு இந்தியாவில் பணியாற்றிய ஓர் ஆங்கில அதிகாரி வேறொரு விடை கண்டார் என்பதையும் சொல்லவேண்டும். விக்டோரியா சிலுவை பெற்ற ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பரி 1885-இல் காப்புரிமை பெற்ற முறையில், ரவைக் குழலின் வாய்ப்பகுதியில் சில அங்குலங்களுக்கு மட்டும் சுருள்வரிகள் இருக்கும். ஒரே குழல் ரவையையும் சுடும், கனத்த ஒற்றைக் குண்டையும் சுடும். லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அதைச் செய்து 'பாரடாக்ஸ்' என்று பெயரிட்டது. முரண் என்று பொருள்படும் அந்தப் பெயர் பொருத்தமானதுதான். ஜெர்மானியன் குழல்களைக் கூட்டினான். ஆங்கிலேயன் ஒரு குழலுக்குள்ளேயே இரண்டையும் ஒளித்தான்.

இனி முத்திரைகளுக்கு வருவோம். ஜெர்மனியில் 1891-இல் இயற்றப்பட்ட சட்டம், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலையும் அரசுச் சோதனைச் சாலையில் மிகை அழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்க்க வேண்டுமென்றது. தேறிய குழலில் மகுடமும் அதன்கீழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. ஓர் எழுத்து ரவைக் குழலைக் குறிக்கும், ஒன்று சுருள்வரிக் குழலை, ஒன்று வாய் குறுகிய குழலை. கூடவே குழலின் அளவு. பழைய முத்திரைகளில் இது மில்லிமீட்டரில் இல்லை. அந்த விட்டமுள்ள ஈயக்குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற கணக்கில் இருக்கும். 12 என்றால் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 என்றால் சுமார் 16.8. ரைஃபிள் குழலில் 108.49 என்பதுபோன்ற எண்ணைக் காணும் புதியவர் திகைப்பார். அதுவும் அதே பவுண்டுக் கணக்குதான். பின்னாளில் ஸூல் சோதனைச் சாலை மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துப் பொறித்தது. 1227 என்றிருந்தால் 1927 டிசம்பர்.

இந்த எண்கள் வெறும் அலங்காரமல்ல. வாங்குபவரின் உயிர் அவற்றில் இருக்கிறது. பழைய ஜெர்மன் ரவைக் குழல்களில் பல, 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவுக்காகக் குடையப்பட்டவை. இன்று கடையில் கிடைப்பது 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். எட்டு மில்லிமீட்டர் ரைஃபிள் குழல்களில் இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. பழைய குழலின் குண்டு விட்டம் சுமார் 8.1 மில்லிமீட்டர்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவம் புகுத்திய புதிய குண்டின் விட்டம் சுமார் 8.2. பெயரில் ஒரேயொரு 'எஸ்' எழுத்துதான் வேறுபாடு. அந்த எழுத்தைக் கவனியாதவர் பெரிய குண்டைச் சிறிய குழலுக்குள் செலுத்துகிறார்.

தேர்ந்த கண்கள் மேலும் சிலவற்றைப் பார்க்கும். குழல்களைத் தனியே தொங்கவிட்டு விரலால் தட்டுவார்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் குழல்களை இணைக்கும் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. மூடிய நிலையில் குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குழலின் உட்சுவரில் அரிப்பு, வெளியே வீக்கம், கட்டையில் கழுத்தருகே விரிசல், தேய்த்து மறுபடி நீலமேற்றியதால் மழுங்கிய செதுக்கல் ஆகியவை ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். தொலைநோக்கியைத் தாங்கும் ஸூல் கொக்கிகள் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே கையால் அரத்தால் ராவிப் பொருத்தப்பட்டவை. தொலைநோக்கி தொலைந்து வெறும் குழிகள் மட்டும் மிஞ்சியிருந்தால், புதியதைப் பொருத்த ஆகும் கூலி மலைக்கவைக்கும்.

தொழிலறிந்தவரின் கணக்கு இத்தோடு முடிகிறது. வரலாற்றின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

மகுடத்தைப் பாருங்கள். கெய்சர் 1918-இல் நாட்டைவிட்டு ஓடினார். ஆனால் குடியரசின் காலம் முழுவதும், அதன்பின் ஹிட்லரின் ஏழாண்டுகளிலும் ஸூலின் குழல்களில் அந்த மகுடம் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. 1939-இன் புதிய சட்டம் 1940 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் மகுடம் போய்க் கழுகு வந்தது. அரசர்களைவிட அவர்களின் முத்திரைகளுக்கு ஆயுள் அதிகம்.

செய்தவரின் பெயர் இன்னும் உரக்கப் பேசும். ஸூலில் சிம்ஸன் என்ற யூதக் குடும்பம் 1856-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. வேட்டைத் துப்பாக்கிகள், மிதிவண்டிகள், கார்கள் எல்லாம் செய்தது. வெர்சாய் ஒப்பந்தத்துக்குப்பின் சுருங்கிய ஜெர்மன் ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி வழங்கவும் அனுமதி பெற்றது. 1935-இல் தூரிங்கியாவின் நாஜித் தலைவர் ஃப்ரிட்ஸ் ஸவுக்கெல் அந்நிறுவனத்தைக் குடும்பத்திடமிருந்து பறித்தார். குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. தொழிற்சாலை வேறு பெயர்களில் இயங்கி, குஸ்ட்லாஃப் என்ற நாஜி அறக்கட்டளையின் பெயரைப் பெற்றது. 1938 நவம்பர் 11 அன்று வந்த ஆணை யூதர்கள் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாதென்றது. இருந்தவற்றை இழப்பீடின்றிப் பறித்தது. துப்பாக்கி செய்தவர்கள் இனித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஸவுக்கெல் 1942-இல் அந்நியத் தொழிலாளர்களைத் திரட்டும் அதிகாரியானார். குறைந்தது 50 லட்சம் பேர் ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்று நியூரம்பர்க் தீர்ப்பு கூறியது. 1946 அக்டோபர் 16 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். சிம்ஸன் என்ற பெயர் மட்டும் விந்தையாக உயிர்த்தது. கிழக்கு ஜெர்மனியில் ஸூலில் செய்யப்பட்ட சிறு மோட்டார் வண்டிகள் அப்பெயரில் ஓடின.

எனவே ஒரு சிம்ஸன் துப்பாக்கியில் சோதனைத் தேதி 1930 என்றிருந்தால், அது வெறும் தேதியல்ல. ஒரு குடும்பம் தன் பெயரைத் தானே பொறித்த கடைசி ஆண்டுகளில் ஒன்று அது.

சந்தையின் கணக்கு வேறு. இன்று ட்ரில்லிங்குகளில் சேகரிப்பாளர்கள் மிக விரும்பித் தேடுவது ஸாவர் நிறுவனம் 1941-42 காலத்தில் ஜெர்மன் விமானப்படைக்குச் செய்த எம்30. இரண்டு 12 அளவு ரவைக் குழல்கள், கீழே 9.3 மில்லிமீட்டர் ரைஃபிள், தோட்டாக்களோடு ஓர் அலுமினியப் பெட்டி. சுமார் 2,500 செய்யப்பட்டன. வட ஆப்பிரிக்கப் பாலையில் வீழும் விமானிகள் பிழைத்திருக்க என்பது நோக்கம். பிழைத்திருக்க மலிவான கருவியே போதும். கைவினைஞர்கள் மணிக்கணக்கில் ராவி உருவாக்கும் வேட்டைத் துப்பாக்கி எதற்கு? விமானப்படைத் தலைவர் கோயரிங்கே நாட்டின் தலைமை வேட்டை அதிகாரியாகவும் இருந்தார் என்பதை நினைவுகூர்ந்தால் இந்த ஆடம்பரம் சற்று விளங்கும்.

அதே பட்டறையில் அதே கைகள் செய்த சாதாரண ட்ரில்லிங்கைவிட, கழுகுச் சின்னமுள்ள இதற்கு இன்று பல மடங்கு விலை. அலுமினியப் பெட்டியும் உடனிருந்தால் இன்னும் மேலே. ஆகவே போலிகளும் உண்டு: குடிமக்களுக்குச் செய்யப்பட்ட துப்பாக்கியில் பின்னாளில் பொறித்த கழுகுகள். நல்ல உழைப்புக்குத் தரப்படாத பணம் கெட்ட அதிகாரத்தின் முத்திரைக்குத் தரப்படுகிறது. இந்த முரணுக்கு ஃபாஸ்பரியின் துப்பாக்கியைவிட அதிகமாக அந்தப் பெயர் பொருந்தும்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலில் நுழைந்தது. ஜூலையில் சோவியத் படையிடம் ஒப்படைத்து விலகியது. 1946 ஜனவரியில் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு ஜெர்மானியர்களின் ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்கச் சொன்னது. வனக்காவலர்களின் தாத்தா காலத்துத் துப்பாக்கிகளும் அந்தக் குவியல்களில் சேர்ந்தன. அழிந்தவை போக, கணிசமானவை அமெரிக்கச் சிப்பாய்களின் மூட்டைகளில் கடல் கடந்தன. அங்கே ஜெர்மன் தோட்டா கிடைக்காததால் சில குழல்கள் உள்ளூர்த் தோட்டாவுக்கேற்ப மறுபடி குடையப்பட்டன. இன்று அமெரிக்க ஏலங்களில் வரும் ட்ரில்லிங்குகளில் பலவற்றின் பின்னால் இப்படியொரு மூட்டை இருக்கிறது. அந்தத் துப்பாக்கியை ஒப்படைத்தவரின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை.

இந்த வடிவம் அத்துடன் மறைந்துவிடவில்லை. விண்வெளி வீரர் லியோனவின் கலம் 1965-இல் இலக்குத் தவறி யூரல் பகுதிப் பனிக்காட்டில் இறங்கியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1980-களில் சோவியத் வீரர்களின் அவசரப் பெட்டியில் மூன்று குழல் கொண்ட ஒரு கைத்துப்பாக்கி சேர்ந்தது: இரண்டு ரவைக்கு, ஒன்று குண்டுக்கு. விண்ணிலிருந்து இறங்குபவனும் தூரிங்கியாவின் வனக்காவலனும் கேட்ட கேள்வி ஒன்றே: அடுத்த மரத்தின் பின்னால் என்ன இருக்கிறது?

பழம்பொருளின் விலையை நிலை, அருமை, தேவை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன என்று வணிகர்கள் சொல்வார்கள். அது சரியே. ஆனால் விலை என்பது வாங்குபவரின் ஆசையை அளக்கும் கோல் மட்டுமே. பொருளின் மதிப்பு அது கடந்து வந்த கைகளில் இருக்கிறது. மகுடத்தின் கீழே உள்ள எழுத்தைப் படிக்கக் கற்றவர், அதனருகில் பொறிக்கப்படாமல் விடப்பட்டதையும் படிக்கக் கற்கவேண்டும். செதுக்கியவன், பறிகொடுத்தவன், ஒப்படைத்தவன் ஆகிய மூவருக்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று குழல்கள்.